பவுடருக்குக் கீழே சின்னமுத்து

1

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சீலை மாற்ற முன்னமே எங்கள் ஊர் எழுவைதீவிலிருந்து மெற்றில்டா வட்சப்பில் அழைத்தாள். மெற்றில்டா என் தம்பியின் மகள். அவளுடைய தலைப்பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் முடியப்போகிறது.

"மாமி, வாற கிழமை பிள்ளைக்குச் சின்னமுத்து ஊசி. போடலாமோ?"

"ஏனடி, கிளினிக் நடக்கேல்லையோ? வள்ளம் ஓடேல்லையோ?"

"அதெல்லாம் இருக்கு மாமி. அன்ரன் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினவர். அங்கை படிச்ச சனமே இப்ப போடுறேல்லையாம். ஊசியாலை பிள்ளையளுக்குப் பேச்சு வராமல் போகுமாம். இஞ்சை எல்லாரும் அதைத்தான் பாத்துக்கொண்டு திரியினம்."

அன்ரன் என் மகன். ஜேர்மனியில் அவனோடுதான் இருக்கிறேன். அவள் கேட்ட நேரம் அவன் எனக்கு முன்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பேந்து சொல்லுறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

பிறகு சொல்லவில்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அழுதுகொண்டு சொல்கிற கிழவியின் கதையை யார் கணக்கில் எடுப்பார்கள்? அதனால் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் கொஞ்சக் காலம்தான். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொல்லில் பிழை இல்லை. மெற்றில்டாவுக்குச் சொல்வதை எழுவைதீவிலும் கரம்பொன்னிலும் சுருவிலிலும் அந்த வீடியோவைப் பார்த்த எல்லாருமே கேட்கட்டும்.

2

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் கரையில் சின்னமுத்து, தட்டம்மை என்றும் சொல்கிற வருத்தம், வந்தது. அப்போது அதற்கு ஊசி இல்லை. செபஸ்தியார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பெரியவர்கள் தீவைச் சுற்றி வந்தார்கள். சுரூபம் எங்கள் ஒழுங்கையால் போன அன்றுதான் என் தங்கச்சி பிலோமினாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. கண் சிவந்து, மூக்கால் ஓடி, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமல் பாய்க்குள் முகத்தைப் புதைத்தாள். பிறகு காதுக்குப் பின்னால் சிவப்புச் சிவப்பாய் எழும்பியது. அங்கிருந்து முகம், கழுத்து, நெஞ்சு என்று இறங்கியது. எங்கள் ஒழுங்கையில் வேறு பிள்ளைகள் செத்தார்கள். இவள் தப்பினாள். காதால் மட்டும் சீழ் வடிந்துகொண்டே இருந்தது.

தப்பிவிட்டாள் என்று நேர்த்திக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். சில நாளுக்குப் பிறகுதான் அம்மா கவனித்தார், கூப்பிட்டால் இவள் திரும்புவதில்லை. அம்மா இவளைக் கடலைப் பார்க்க இருத்திவிட்டு, பின்னால் நின்று சருவச்சட்டியில் அகப்பையால் தட்டினார். திரும்பவில்லை. இன்னும் பலமாய்த் தட்டினார். பக்கத்து வளவுக் கோழிகள் பறந்தன. இவள் மண்ணில் கோடு கீறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அம்மாவுக்கு இதே வேலை. ஒருநாள் பிலோமினா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அம்மா "மாதாவே" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து தூக்கினார். பிறகு புரிந்தது. நான் பிலோமினாவுக்கு முன்னால் நின்றிருந்தேன். தட்டுகிற ஒவ்வொரு முறையும் என் முகம் சுருங்கியதைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு அம்மா தட்டுகிற நேரம் என்னை அந்தப் பக்கம் நிற்கவிடவில்லை.

பிலோமினா சாகும்வரை நான்தான் அவளுக்குக் காது. கோயில் மணி அடித்தால் கையில் கிள்ளுவேன். ஷெல் விழத் தொடங்கிய காலத்தில் நாங்கள் எல்லாரும் ஓடிவிட்டோம், இவள் குசினியில் அம்மிக்கு முன்னால் இருந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஓடிப்போய்த் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்தேன். ஏன் இழுக்கிறேன் என்று தெரியாமல் எனக்கு அடித்தாள்.

எனக்குக் கலியாணமாகி அன்ரன் பிறந்த காலத்தில் ஊசி வந்துவிட்டது. வந்தது என்றால் தானாக வரவில்லை. ஊசி போடுகிற மருத்துவமாதுவை ஊர்காவற்றுறையிலிருந்து எங்கள் ஆட்கள்தான் ஏற்றிவர வேண்டும். வள்ளக்காரர்கள் முறை வைத்திருந்தார்கள். முறை வந்த வள்ளத்துக்கு அன்று தொழில் இல்லை. சோளகக் காற்று அடித்தாலும் முறை முறைதான். அந்த அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஏறினது தொடக்கம் இறங்கும் வரைக்கும் சத்தி. கரையில் இறங்கி, சேலைத்தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்களைத்தான் முதலில் ஏசுவார்.

"மனிசர் இருக்கிற இடமே இது? இஞ்சை கிடந்து பிள்ளை பெறச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது?"

"இறால் பொரிச்சு வைச்சிருக்கிறம், மிஸி."

"உன்ரை இறாலைக் கொண்டுபோய்க் கடலிலை கொட்டு. பிள்ளையைப் பிடி!"

பிள்ளைகள் அந்த அம்மாவின் குரலைக் கேட்டாலே அழத் தொடங்கும். யாருக்கும் அந்த மனிசியைப் பிடிக்காது. ஆனால் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதற்குள் ஒரு துளி கடல்தண்ணீர் படாமல், தன் மேலெல்லாம் சத்தியாக வருவார். வள்ளம் தெரிந்ததும் கோயில் மணியை அடிப்போம். பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வெளிக்கிடுவோம். போடலாமோ விடலாமோ என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நாங்கள் என்ன விசரரா? பிலோமினா எங்களுக்கு முன்னால்தானே திரிந்தாள்.

அன்ரனுக்குச் சின்னமுத்து ஊசி போடும் மாதம் என் மனுசனின் முறை. கடலில் எவன் எப்போது சுடுவான் என்று தெரியாத காலம். இவர் கம்பில் வெள்ளைச் சாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் வரைக்கும் நான் கரையில் நின்றேன். அப்படி வந்த ஊசிதான் அன்ரனின் தொடையில் ஏறியது. அன்றிரவு அவனுக்குக் காய்ச்சல் காய்ந்தது. இரண்டு நாளில் விட்டது.

3

அவனுக்கு இப்போது ஒரு மகள். மிலேனா என்று பெயர். நாலு வயது. நான் வைத்த பெயர் இல்லை.

கொரோனா காலத்தில் வேலை நின்று வீட்டில் இருந்தபோது அன்ரன் போனுக்குள் போனான். இன்னும் வெளியில் வரவில்லை. அமெரிக்காக்காரன் பேசுகிறான், லண்டன் தமிழர் ஒருவர் பேசுகிறார், பின்னால் பாட்டு வேறு. எல்லாரும் சொல்வது ஒன்றுதான். ஊசி நஞ்சு, டொக்டர்மார் கள்ளர். மிலேனா பிறந்தபின் ஒரு ஊசியும் போடவிடவில்லை. அவன் பெண்சாதி தர்சினி இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, வயோதிபர் இல்லத்தில் வேலை. அவளுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் சத்தம் வரக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டாள். வாய் திறவாத மருமகள் நல்லவள் என்று நானும் ஒரு காலம் நினைத்திருந்தேன்.

நான் கேட்டேன். "நீ எந்த ஊசியாலை செத்தனி? உனக்கு எல்லாம் போட்டிருக்கு."

"அந்தக் காலத்து ஊசி வேறையம்மா. உங்களுக்கு விளங்காது."

"கொப்பர் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு போய்—"

"ஐயோ, அந்த வள்ளக் கதையைத் தொடங்காதேங்கோ."

இந்த நாட்டில் சின்னமுத்துக்கு மாசன் என்று சொல்வார்கள். மாசன் ஊசி போடாத பிள்ளையைக் கிண்டகார்டனில் எடுக்கமாட்டார்கள். சட்டம். சுகாதாரக் கந்தோரிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. அன்ரன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தன் வட்சப் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். அவர்கள் அவனை வீரன் என்றார்கள். வீரனும் பெண்சாதியும் காலையில் வேலைக்குப் போய்விட, பிள்ளையோடு வீட்டில் இருந்தது நான். முழங்கால் வீங்கிய நான்தான் கிண்டகார்டன். அவள் மேசையில் ஏறுவாள், நான் இறக்குவேன். வெளியே பூங்காவில் மற்றப் பிள்ளைகள் டொச்சில் கத்தி விளையாட, இவள் என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பாள். நாலு வயதாகியும் அந்தப் பாஷை ஒரு சொல் வராது. ஊசி போட்டால் பேச்சு வராதாம்! போடாமல் விட்டுத்தான் பிள்ளைக்கு ஊர்ப் பேச்சு வராமல் இருந்தது.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் புனிதம். சுருவில் பகுதி. கமக்கார வீட்டுப் பெண், வயல்காரச் சாதி; நாங்கள் கடல் தொழில். எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் மகளோடு இருக்கிறார். இதை எழுதத்தான் வேண்டும்: ஊரில் அவருடைய ஆட்கள் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இங்கே வந்த புதிதிலும் படியில் கண்டால் சிரிப்பு மட்டும்தான். பல வருடம் போய், ஒரு பனிக்காலம் இவருக்குக் காய்ச்சல் என்று நான் மீன் சொதி வைத்துக் கொண்டுபோனேன். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திரேசாக்கா, உள்ளுக்கு வாங்கோ" என்றார். அன்று தொடங்கி ஒவ்வொரு பின்னேரமும் ஒன்றாகத்தான் தேத்தண்ணீர். அவர் சிரித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும். கீழ் வீட்டு வெள்ளைக்காரி தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பாள், இவர் இன்னும் பலமாகச் சிரிப்பார்.

இந்த வருடம் புனிதத்தின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆரன். ஏழு மாதம். இந்த நாட்டில் அந்த வயதுக்கு மாசன் ஊசி போடமாட்டார்கள், இன்னும் கொஞ்சம் வளர வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்குக் காவல், சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். இதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஒரு வீட்டில் வந்தால் ஒழுங்கை முழுவதும் வரும் என்று கண்டவள் நான்.

4

அன்ரனுக்கு வேலை எடுத்துக் கொடுத்த ரவி, கரம்பொன் ஆள். அவர் மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. பெரிய மண்டபம், பறக்கிற கமரா, குதிரை வண்டில். தட்டம் ஏந்த ஏழு தோழிப்பிள்ளைகள். அதில் ஒருத்தி மிலேனா. இந்தியாவில் தைப்பித்த ஒரே மாதிரிப் பாவாடை எல்லாருக்கும். முதல்நாளே பிள்ளைகளை ரவி வீட்டுக்குக் கூப்பிட்டு, மருதாணி போட்டு அங்கேயே படுக்கவைத்தார்கள். அந்தக் கிழமை மிலேனாவுக்குத் தடிமன், இருமல். கண் சிவப்பாக இருந்தது. போகவேண்டாம் என்று சொன்னேன். தடிமனுக்கெல்லாம் சாமத்தியவீட்டை விடலாமோ என்றார்கள்.

மற்றநாள் நான் புனிதத்தின் மகளுடைய காரில் போனேன். மண்டபத்தில் புனிதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆரன் என் மடியில். என் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அந்த நேரம் மிலேனா "அப்பம்மா" என்று ஓடிவந்தாள். வந்த வேகத்தில் ஆரனின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள், இருமினாள். முகம் முழுவதும் பவுடர், உதட்டில் சாயம். என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

தலையில் கனகாம்பரம் சரிந்துகிடந்தது. சரிசெய்ய மயிரை ஒதுக்கினேன். காதுக்குப் பின்னால், சிவப்புச் சிவப்பாய்.

சீலைத்தலைப்பால் கன்னத்தை அழுத்தித் துடைத்தேன். பவுடர் வந்தது. கீழே சிவப்பு. நெற்றியிலும் துடைத்தேன். அங்கேயும்.

ஆரனைப் புனிதத்தின் கையில் கொடுத்து, "உடனை வெளியாலை கொண்டுபோம்" என்றேன். "ஏன் அக்கா?" என்றார். "கொண்டுபோம் எண்டுறன்." மிலேனாவைப் பிடித்துக்கொண்டு அன்ரனைத் தேடினேன். மேடைக்குப் பக்கத்தில் நின்றான்.

"பிள்ளைக்குச் சின்னமுத்து."

"அலர்ஜியம்மா. மேக்கப் போட்ட அக்கா காலமை பாத்தவ. தூசாம். சிரப் குடுத்தனான்."

"காய்ச்சல் எண்டு தெரிஞ்சுதான் சிரப் குடுத்தனீ?"

"மெல்லக் கதையுங்கோ. ஒரு மணித்தியாலம். தட்டம் ஏந்தின உடனை கூட்டிக்கொண்டு போறன்."

"இப்பவே கொண்டுபோ."

"அம்மா, ஏழு தட்டம். ஒண்டு குறைஞ்சால் ஆறு. நல்ல காரியத்திலை இரட்டையிலை தட்டம் வரலாமே? ரவியண்ணையின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

தர்சினியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் முகத்தில் நான் துடைத்த இடத்துக்குப் பஞ்சால் திரும்பவும் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். ஒற்றுவதை நிறுத்தவில்லை.

நாதஸ்வரம் தொடங்கியது. கமராக்காரன் எல்லாரையும் விலகச் சொன்னான். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள், மிலேனா கடைசியில் தள்ளாடித் தள்ளாடி, கையில் கற்கண்டுத் தட்டம். நான் குறுக்கே போய் அவள் தட்டத்தை வாங்கி நிலத்தில் வைத்தேன். எனக்கு மைக் தேவையில்லை. கரையில் நின்று கடலில் நிற்கிற வள்ளத்தைக் கூப்பிட்ட தொண்டை.

"கைப்பிள்ளை வைச்சிருக்கிறவை, பிள்ளைத்தாச்சியள், எல்லாரும் வெளியாலை போங்கோ! இந்தப் பிள்ளைக்குச் சின்னமுத்து! பிள்ளையளை டொக்டரிட்டைக் காட்டுங்கோ!"

நாதஸ்வரம் நின்றது. பறக்கிற கமரா மட்டும் என் தலைக்கு மேலே நின்று இரைந்தது.

"ஆருது? அன்ரன்ரை தாயே?"

"விசர் பிடிச்சிட்டுதோ மனிசிக்கு?"

ரவி வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எணை ஆச்சி, என்ரை பிள்ளையின்ரை நல்ல நாளிலை உங்களுக்கு என்ன வந்தது?"

பின்வரிசையில் ஒரு கிழவர், "அப்ப சாப்பாடு தருவினமோ, தரமாட்டினமோ?" என்று பக்கத்தில் கேட்டார். அது எனக்கு நன்றாகக் கேட்டது.

சில பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர்களைக் கும்பிடுகிறேன். மற்றவர்கள் என் மகனின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தினான்.

"குறை நினையாதேங்கோ. அம்மாவுக்கு இப்ப கொஞ்சக் காலமாய் மறதி வருத்தம். பழசும் புதுசும் குழம்பிப்போகுது. பிள்ளைக்கு அலர்ஜி."

அத்தனை பேருக்கு முன்னால். கமரா பார்த்துக்கொண்டிருக்க.

நான் மிலேனாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முழங்கால் பாரம் தாங்கவில்லை, கார் நிற்கிற இடத்தில் படிக்கட்டில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே நாதஸ்வரம் திரும்பத் தொடங்கியது. ஏழாவது தட்டத்துக்கு வேறு பிள்ளை பிடித்துவிட்டார்கள் என்று விளங்கியது.

புனிதமும் வெளியே வந்தார், கையில் ஆரன். தூரத்தில் நின்று கேட்டார்.

"திரேசாக்கா, உண்மையோ?"

"என்ரை கண்ணாலை கண்டது. இண்டைக்கே டொக்டரிட்டைக் கொண்டுபோம்."

அவருடைய மகள் பின்னால் வந்தாள். "அம்மா, அன்ரன் அண்ணை இப்பதான் சொன்னவர். இவவுக்குத் தலை சரியில்லையாம். வாங்கோ உள்ளுக்கு, பிள்ளைக்குக் குளிர் பிடிக்கும்."

புனிதம் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். உள்ளே போனார்.

5

மிலேனாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வருமாப் போல வந்த பிறகுதான் அன்ரன் டொக்டரிடம் ஓடினான். அதற்குள் சில நாள் போய்விட்டது. மாசன்தான். கந்தோர்க்காரர் அன்று மண்டபத்துக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்தார்கள். என் சொல்லைக் கேட்டு அன்றே ஓடின பெண்களின் பிள்ளைகளுக்கு டொக்டர்மார் உடனே ஊசி போட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. வருத்தம் தொற்றின பிறகும் சில நாளுக்குள் போட்டால் காக்குமாம். இப்படித் தொற்று வந்த இடத்தில் ஆரன் வயதுப் பிள்ளைக்கும் ஒரு காவல் ஊசி போடுவார்களாம், ஆனால் அவனைக் கொண்டுபோனபோது அந்த நாள் கடந்துவிட்டது.

ஆரன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குக் குழாய் வைத்து, பிறகு இரண்டு காதிலும் சீழ். உயிர் தப்பிவிட்டான். தப்பிவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மிலேனாவுக்கு வருத்தம் மாறிச் சுகம் வந்தது. மாசன் வந்து மாறின பிள்ளைக்கு இனி வராதாம், ஊசியும் வேண்டாமாம். டொக்டர் அப்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். கிண்டகார்டன் அவளை எடுத்துக்கொண்டது. அன்ரன் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தான்.

"பாத்தியளே அம்மா? ஊசி இல்லாமலே அலுவல் முடிஞ்சுது."

"மேல் வீட்டுப் பிள்ளை?"

"அது அவையின்ரை பிள்ளைக்குச் சக்தி காணாது."

தர்சினி பீங்கான் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். வீட்டில் சத்தம் வரக்கூடாது என்றவள்.

அன்றிலிருந்து அவன் சமைத்ததை நான் சாப்பிடுவதில்லை, நான் சமைத்ததை அவன் சாப்பிடுகிறான். என்னை மறதி வருத்தக்காரி என்றதற்கு இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. சாமத்தியவீட்டு வீடியோவில் நான் வந்த பகுதியை வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி. மிலேனா கிண்டகார்டன் போய்ப் பாட்டுப் பாடக் கற்றுவிட்டாள். பின்னேரம் வந்து, நான் வாயில் சோறு தீத்தினால் டொச்சில் "நைன்", வேண்டாம் என்கிறாள். நல்லது. பேசட்டும்.

மெற்றில்டா, ஊசி போடலாமோ என்று கேட்டாய். ஊசியால் ஒன்றுமே வராது என்று பொய் சொல்லமாட்டேன். கொரோனா ஊசி போட்ட அன்று எனக்குக் கை வீங்கிக் காய்ச்சல் காய்ந்தது. உன் மச்சானுக்கும் சின்னனில் காய்ந்தது. பிள்ளை அழும், உனக்கும் அழுகை வரும். அந்தக் காய்ச்சலையும் நான் கண்டேன், மற்றதையும் கண்டேன். இரண்டையும் கண்டவள் சொல்கிறேன், கொண்டுபோய்ப் போடு. வெளிநாட்டில் போடுவதில்லையாம் என்று உனக்கு வீடியோ அனுப்புகிறவனின் தொடையில் எழுவைதீவு ஊசி இருக்கிறது. அவன் வீரம் பேசுவது அதன் தயவில். அவன் அனுப்புவதை இனிப் பார்க்காதே. நான் பெற்ற பிள்ளையைப் பற்றி நானே இப்படி எழுதுகிறேன் என்று ஊரில் கதைப்பார்கள். கதைக்கட்டும்.

புனிதம் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆரனை ஆஸ்பத்திரியால் கொண்டுவந்தபின் ஒருநாள் படியில் கண்டேன். நான் வாய் திறக்க முன்னமே சொன்னார்.

"நீங்கள் சொன்னனீங்கள். நான் நம்பேல்லை. உங்கடை முகத்தைப் பாத்தால் எனக்கு அதுதான் வருது. என்னாலை ஏலாது, திரேசாக்கா."

"நீர் என்ன செய்வீர். என்ரை மகன்தானே—"

அவர் சுவரோடு ஒதுங்கி மேலே ஏறிப் போய்விட்டார்.

நேற்றுப் பின்னேரம் மீன் சொதி வைத்தேன். சட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். முழங்காலோடு ஏற வெகுநேரம் பிடித்தது. கதவுக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மணியை அழுத்தக் கையை எடுத்தேன்.

உள்ளே ஒரு சத்தம். கரண்டியால் பீங்கானில் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு. பிறகு அமைதி. திரும்பவும், இன்னும் பலமாக. திரும்பவும் அமைதி.

கையை இறக்கிவிட்டேன். பிள்ளையை யன்னல் பக்கம் பார்க்க இருத்தியிருப்பார், பின்னால் நின்று தட்டுகிறார். பிள்ளை திரும்பினால் புனிதம் சிரிப்பார். அவர் சிரித்தால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

சட்டி கையில் ஆறும்வரைக்கும் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டிச் சத்தம்தான் கேட்டது.